காய்ந்த அட்டையும் ஈரக் காற்றும்

கோலாலம்பூரின் செந்தூலில் பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் எதையும் சட்டென்று குப்பையில் போட்டுவிட முடியாது. மைலோ டின், வைட்டாஜென் புட்டி, டிஷ்யூ தீர்ந்துபோன அட்டைக் குழல், முப்பது முட்டை அடுக்கி வந்த சாம்பல்நிற அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. "டீச்சர் கொண்டு வரச் சொன்னாங்கம்மா" என்று புத்தகப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயது. இரண்டு குழல்களைச் சேர்த்து ஒட்டினால் தொலைநோக்கி. முட்டை அட்டையில் ஒரு வரிசையை வெட்டிப் பச்சை பூசினால் கம்பளிப்பூச்சி. காசு செலவில்லாத நல்ல கல்வி அது. வெட்டவும் ஒட்டவும் அடுக்கவும், சரிந்ததை மறுபடி அடுக்கவும் விரல்கள் பழகுகின்றன.

பெற்றோர் பலருக்கு உள்ளூர ஒரு சங்கடமும் இருக்கிறது. கழிப்பறையில் தொங்கிய குழல் ஆயிற்றே? கோழி எச்சம் பட்ட அட்டை ஆயிற்றே? கழுவாத பால் பெட்டிக்குள் என்னென்ன வளர்ந்திருக்குமோ? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்க, பத்துப் பேர் பயப்பட, டீச்சர் பாடு திண்டாட்டமாகிவிடுகிறது. கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பொருளாக எடுத்து நுண்ணுயிரியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நாம் பயப்படும் இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறொன்று என்பது புரியும்.

முட்டை அட்டையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, வலை அச்சில் உறிஞ்சி எடுத்து, உலர்த்திச் செய்தது அது. நார்கள் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். சில குழிகளில் காய்ந்த மஞ்சள் கறை இருக்கும். ஓரத்தில் ஒரு சிறு இறகு ஒட்டியிருந்தாலும் வியப்பில்லை. கோழிக்கு முட்டையும் எச்சமும் வெளிவருவது ஒரே வாசல் வழியாகத்தான். கோழியின் குடலில் வாழும் சால்மோனெல்லா பாக்டீரியா முட்டை ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து அட்டைக்கும் வந்து சேர்வது இப்படித்தான்.

காய்ந்த நாரில் சால்மோனெல்லா பெருக முடியாது. ஆனால் எல்லாம் ஒரேயடியாகச் செத்தும் போவதில்லை. பெரும்பகுதி அழிந்தபின் எஞ்சியவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 2008, 2009இல் அமெரிக்காவில் நிலக்கடலை வெண்ணெய் வழியாகவும், 2022இல் ஐரோப்பாவில் சாக்லேட் வழியாகவும் பரவியது இதே இனம்தான். இரண்டுமே ஈரம் மிகக் குறைந்த உணவுகள். இன்னும் வியப்பான சங்கதி, காய்ந்த நிலையில் இருக்கும் சால்மோனெல்லா ஈரத்தில் இருப்பதைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். ஈர உணவில் 70 டிகிரி சூட்டில் சில நொடிகளில் ஒழிந்துவிடும் கிருமி, காய்ந்த பொருளில் அதே சூட்டில் நெடுநேரம் உயிரோடு இருக்கக்கூடும். "வெயிலில் ஒருநாள் போட்டால் போதும், எல்லாம் செத்துவிடும்" என்ற நம்பிக்கைக்கு இந்த இடத்தில் பலம் போதாது.

இதையெல்லாம் கேட்டவுடன் அட்டையைத் தூக்கி எறியத் தோன்றும். எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். சாக்லேட்டிலும் கடலை வெண்ணெயிலும் கொழுப்பு அந்தக் கிருமிகளைப் போர்த்திக்கொண்டு இரைப்பை அமிலத்தைத் தாண்ட உதவியது; அதையும் பிள்ளைகள் வாய்நிறையத் தின்றார்கள். காய்ந்த அட்டையிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போய்ச் சேருவது மிகச் சொற்பம். பிரிட்டனில், சால்மோனெல்லா பயத்தால் கைவினை வகுப்பில் முட்டைப் பெட்டிகளுக்குத் தடை என்ற பேச்சு பரவியபோது, அந்நாட்டில் உடல்நலத்தையும் பணியிடப் பாதுகாப்பையும் மேற்பார்க்கும் அரசு அமைப்பே அதைக் கட்டுக்கதைகளின் பட்டியலில் சேர்த்தது. பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் தடை தேவையில்லை என்பது அவர்கள் முடிவு.

அந்த முடிவில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. கறையோ இறகோ உடைந்த முட்டையின் பிசுக்கோ இருக்கும் அட்டையை யோசிக்காமல் கழித்துவிட வேண்டும். காகித அட்டையைக் கழுவ வழியில்லை. சுத்தமான அட்டையை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் தயங்காமல் தரலாம், வேலை முடிந்ததும் கை கழுவினால் போதும். கையில் கிடைத்ததையெல்லாம் இன்னும் வாயில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, பத்து முட்டை வரும் பிளாஸ்டிக் பெட்டி நல்லது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடலாம்.

டிஷ்யூ குழலுக்கு வருவோம். கழிப்பறையில் தண்ணீர் இறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் எழும்புகின்றன என்பதைச் சார்லஸ் கெர்பா என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் 1975லேயே ஆராய்ந்து எழுதினார்கள். 2022இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிமால்டியின் குழு பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி அதைப் படமே எடுத்துக் காட்டியது. மூடியில்லாத கழிவறைத் தொட்டியிலிருந்து கிளம்பிய நுண்துளிகள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, 8 நொடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தொட்டன. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதன்பிறகு மூடியைச் சாத்தாமல் தண்ணீர் இறைக்க மாட்டார்கள்.

ஆனாலும் குழலின் இருப்பிடத்தை யோசித்துப் பாருங்கள். கடைசிச் சுற்று தீரும்வரை அது காகிதத்துக்குள் பொதிந்தே இருக்கிறது. துளிகள் படிவது வெளிச்சுற்றில். அது தினமும் கிழிந்து போய்க்கொண்டே இருக்கும். நம் வீடுகளிலோ கழிப்பறையில் தண்ணீர்தான் புழங்குகிறது. டிஷ்யூ உருளை சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் இருப்பதே அதிகம். மாமாக் கடைகளிலும் கைதுடைக்க அதுதானே மேசையில் நிற்கிறது. சமையலறைக் குழல் கொடுத்தனுப்புங்கள், கழிப்பறைக் குழல் வேண்டாம் என்று டீச்சர் ஒரு வரி எழுதிவிட்டால் பெற்றோரின் அருவருப்பும் தீர்ந்துவிடும். அருவருப்பும் ஒரு நியாயமான காரணம்தான். அதை அறியாமை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

காகிதத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அது 2020இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கோவிட் கிருமி எந்தப் பரப்பில் எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம்வரை அது தென்பட்டது. அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு உயிர்ப்புள்ள கிருமி கிடைக்கவில்லை. பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் நாம் சுத்தம் என்று நம்புகிறோம். சொரசொரப்பான அட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். கிருமியின் கணக்கு நேர்மாறாக இருந்தது. அட்டையின் நார்கள் துளியில் இருக்கும் நீரை, மை ஒற்றும் தாள் போல, இழுத்துக்கொள்கின்றன. நீர் போனபின் பல கிருமிகளால் நெடுநேரம் தாங்க முடிவதில்லை.

இங்கேதான் லண்டனுக்கும் செந்தூலுக்கும் வித்தியாசம் தொடங்குகிறது.

ஓர் இடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீரை நுண்ணுயிரால் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதே முக்கியம் என்று 1950களில் டபிள்யூ. ஜே. ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் நிறுவினார். நீர்ச் செயல்திறன் என்ற அந்த அளவை சுழியத்திலிருந்து ஒன்றுவரை ஓடும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக 0.91க்கு மேல் வேண்டும். பூஞ்சணத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பல வகைகளுக்கு 0.80 போதும், சில அதற்கும் கீழே இறங்கும். 0.60க்குக் கீழே எதுவும் வளராது. கருவாடும் அப்பளமும் வற்றலும் கெடாமல் இருப்பது இந்தக் கணக்கில்தான்.

காகிதம் சும்மா இருப்பதில்லை. காற்றிலிருந்து ஈரத்தை வாங்கியும் விட்டும் அதோடு சமநிலைக்கு வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் காகிதத்தின் அளவு 0.50ஐ ஒட்டி நிற்கும். அந்தக் காகிதத்தில் எதுவும் வளராது. கோலாலம்பூரிலோ ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இரவிலும் மழைக்குப் பிறகும் 90ஐத் தாண்டும். பாக்டீரியாவுக்கு அதுவும் பெரும்பாலும் பற்றாது. பூஞ்சணத்துக்கு அதுவே தாராளம். குளிர்நாட்டின் காய்ந்த அறையில் வருடக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாத அதே அட்டைப் பெட்டி, நம் ஊரில் மூடிய அலமாரிக்குள் சில வாரங்களில் உயிர்கள் மேயும் நிலமாகிவிடுகிறது.

பள்ளி விடுமுறை முடிந்து கைவினைப் பொருள் அலமாரியைத் திறக்கும் டீச்சர்களுக்கு அந்த வாசனை தெரியும். சுவரோடு ஒட்டி நின்ற பெட்டியின் பின்பக்கத்தில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் பரவியிருக்கும். விரலால் தொட்டால் மாவு போல ஒட்டும். அது வித்துகளின் குவியல். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. அட்டையை ஒருமுறை உலுக்கினாலே ஆயிரக்கணக்கில் காற்றில் ஏறும். அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. மரக்கூழின் செல்லுலோசும், பெட்டியை ஒட்டிய மாவுப்பசையும் அவற்றுக்கு உணவு. வீட்டில் காய்ச்சிய கோதுமைப் பசையைப் பிள்ளைகள் தாராளமாகப் பூசியிருந்தால் விருந்தேதான். ஆரோக்கியமான பிள்ளைக்குத் தும்மலோடு போகலாம். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு அன்றிரவே இழுப்பு வரலாம். முட்டை அட்டையின் சால்மோனெல்லாவைப் பற்றிக் கேட்கும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அலமாரியின் பூஞ்சணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வகுப்பறையில் பகலெல்லாம் ஓடும் ஏர்கோன் ஈரத்தை எடுத்துவிடுகிறது என்பது உண்மைதான். மாலையில் அதை அணைத்ததும் ஈரம் திரும்பி வந்து, குளிர்ந்த சுவரிலேயே முதலில் படிகிறது. அதனால் பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். விடுமுறைக்கு முன் அட்டைச் சரக்கைத் தீர்த்துவிடலாம். சேர்த்து வைப்பதைவிட, வேண்டியபோது கேட்டு வாங்குவது மேல்.

சேர்த்து வைப்பது என்றதும் வாசலுக்கு வெளியே போக வேண்டும். 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது சட்டப்படி கட்டாயம். சமையல் கழிவை வாரத்தில் இருமுறையும், மறுபயனீட்டுப் பொருள்களை ஒருமுறையும் எடுப்பது ஏற்பாடு. அப்படியானால் டின்னும் புட்டியும் தயிர்க் கோப்பையும் ஒரு வாரம்வரை எங்கேயாவது காத்திருக்க வேண்டும். பல அடுக்குமாடி வீடுகளில் அது பின்கட்டு, மாடிப்படி ஓரம், இரும்புக் கதவுக்கு வெளியே. பாலர் பள்ளியில் பின்வாசல் கூரையடி. மதியம் மூன்று மணிக்குச் செந்தூலில் கொட்டும் மழையை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு குடிநீர்ப் புட்டியின் மூடி அளவு தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நம் குப்பை வண்டியின் சுற்றும் ஒரு வாரம்தான். அந்தக் கொசு முட்டையை நீரில் மிதக்கவிடுவதும் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரில் நிற்கும். வெயிலில் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். அடுத்த முறை யாராவது அந்தக் கோப்பையில் தூரிகை கழுவத் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீரிலேயே பொரிந்துவிடும். கரும்புள்ளி அளவுகூட இல்லாத முட்டைக்குள் வறட்சியைத் தாங்கும் இந்த ஏற்பாடு இயற்கையின் பெரிய சாமர்த்தியங்களில் ஒன்று. அலசிக் கவிழ்ப்பது போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் ஓயாமல் சொல்வதன் காரணமும் அதுதான். 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். கைவினைக்காகச் சேர்த்த பொருள் பிள்ளைக்கு ஆபத்து விளைவிக்குமானால், குழலில் ஒட்டிய கிருமியைவிட, கூரையடியில் வாய்திறந்து கிடக்கும் தயிர்க் கோப்பை மூலம் அது வருவதற்கே அதிக வாய்ப்பு. அங்கே எலி நடமாட்டம் இருந்தால் அதன் சிறுநீரும் சேரும். எலிச் சிறுநீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரா காய்ந்த பரப்பில் விரைவில் செத்துவிடும். ஈரம் தேங்கிய இடத்தில் நாள்கணக்கில் வாழும். அதுவும் ஈரத்தின் கதைதான்.

வகுப்பறைக்குள் இருக்கும் ஈரம் பிள்ளைகளின் வாயிலும் மூக்கிலும் இருக்கிறது. மலேசியாவில் பாலர் பள்ளிகளை அடிக்கடி மூடவைக்கும் கை, கால், வாய்ப்புண் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் சரவாக்கில் அது என்டரோவைரஸ் 71 என்ற கிருமியால் பரவியபோது ஏறத்தாழ 30 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். எச்சில், சளி, கொப்புள நீர், மலம் எல்லாவற்றிலும் இந்தக் கிருமி வெளியேறும். புண் ஆறிய பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கோவிட் கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சவர்க்காரமும் அல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். என்டரோவைரசுக்கு அந்த உறையே கிடையாது. இறுக்கமான புரதக் கூடு மட்டும்தான். கரைக்க அங்கே கொழுப்பு இல்லாததால், சானிடைசர் தடவுவதை நம்பியிருக்க முடியாது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் தேய்த்தால், கிருமி சாகாவிட்டாலும் கையைவிட்டுக் கழன்று போகும். வாசலில் சானிடைசர் குப்பி வைத்துவிட்டு உள்ளே தண்ணீர்க் குழாய்க்கு வரிசை நிற்கவைக்காத பள்ளி, கோவிட் காலப் பழக்கத்தை வேறொரு கிருமிக்குப் பயன்படுத்துகிறது.

ஆக, அட்டைக் குழல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் அது என்னவாகிறது என்பதைக் கவனியுங்கள். தொலைநோக்கி ஆனால் கண்ணருகே நிற்கும். ஊதுகுழல் ஆனால் வாய்க்குப் போகும், அடுத்த நிமிடம் பக்கத்துப் பிள்ளையின் வாய்க்கும் போகும். உறிஞ்சுகுழலால் வண்ணத்தை ஊதிப் படம் வரைவதும் அப்படியே. ஆளுக்கொரு குழல், பெயர் எழுதி. அதோடு பிரச்சினை தீர்ந்தது.

பால் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அது பெரும்பாலும் காகிதம்; உள்ளே பாலிஎத்திலீன் படலமும் மெல்லிய அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். நீர் புகாத அந்த மூலைகளில் மிஞ்சும் ஒரு தேக்கரண்டிப் பாலில், நம் ஊர்ச் சூட்டில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரே ஒரு பாக்டீரியா எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டிவிடும். குடித்த உடனே வெட்டித் திறந்து கழுவினால் அந்தக் கணக்குத் தொடங்கவே தொடங்காது. பிளாஸ்டிக் புட்டிகளைக் கழுவியபின், ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லிலிட்டர் வீட்டுப் பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, கவிழ்த்துக் காயவிடலாம். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. பிளீச்சோடு வேறெந்தத் திரவத்தையும் கலக்கவே கூடாது.

கோழியிறைச்சி வந்த நுரைத்தட்டை மட்டும் எந்த வயதுப் பிள்ளைக்கும் தராதீர்கள். கழுவியும் வேண்டாம். கோழியில் சாதாரணமாக இருக்கும் கேம்பிலோபேக்டர், பாலில் கலந்த 500 கிருமி அளவிலேயே ஒருவரை நோயில் தள்ளியிருக்கிறது. 1981இல் பதிவான அந்தச் சோதனையில் பாலைக் குடித்தவர் சோதனையைச் செய்த மருத்துவரேதான். கடை விளையாட்டுக்கு உண்மையான ரசீதுச் சீட்டுகளைக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். வெப்பத்தில் எழுத்து விழும் அந்தத் தாளில் பிஸ்பினால் ஏ பூசும் வழக்கம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதற்குக் கடும் வரம்பு விதித்தது. அதே வேதிப்பொருள் கலந்த குழந்தைப் பால்புட்டிகளை மலேசியா 2012லேயே தடைசெய்துவிட்டது. நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டி வந்தால், வகுப்பில் கடலை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று முதலில் பாருங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்துக்கு உயிரில்லை. அதனால் சாகவும் சாகாது, கழுவித்தான் அகற்ற வேண்டும்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகள் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டன. 1990களில் அங்கே தொடங்கிய ரெமிடா என்ற மையம் வீட்டுக் குப்பையைத் தேடிப் போகாமல், பட்டறைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சும் துண்டுகளைச் சேகரித்துப் பள்ளிகளுக்குத் தருகிறது. உணவு படாத, வாய் படாத, கழிப்பறை பார்க்காத பொருள்கள் அவை. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் குழல்கள் டிஷ்யூ குழலைவிடப் பலமடங்கு கெட்டியானவை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகளில் தங்க ஓரத் தாளின் வெட்டுத்துண்டுகள், தையற்கடைகளில் ரவிக்கைத் துணியின் மிச்சம். நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். துணிக் குழலைப் பெரியவர் ஒருவர் இரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து கொடுத்தால் இரண்டு நீண்ட வாய்க்கால்கள் கிடைக்கும். நாற்காலியில் ஒரு முனையைச் சாய்த்து வைத்துப் பிங்பாங் பந்தை உருட்டிவிட்டால் போதும். சரிவைக் கூட்டினால் பந்து ஏன் வேகமாக ஓடுகிறது, எதிர்ச் சாய்வில் ஏன் பாதியோடு நின்று திரும்புகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.